மறதிநோயின் தொடக்கத்தைப் பேச்சில் தேடுவது: தமிழில் மாதிரி எடுத்து, எழுதி, அளக்கும் முறை

ஒரு படத்தைக் காட்டி "இதுல என்ன நடக்குது, சொல்லுங்க" என்று கேட்டால் பெரும்பாலான முதியவர்கள் ஒரு நிமிடமாவது பேசுவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள் பார்த்ததை இன்னதென்று அறிய வேண்டும், அதற்குரிய சொல்லைத் தேடி எடுக்க வேண்டும், வாக்கியமாகக் கோக்க வேண்டும், எதைச் சொல்லியாயிற்று என்பதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் பேச்சில் தடம் விழும். டிமென்ஷியா (மறதிநோய்) ஆய்வாளர்கள் பேச்சை நாடியதற்குக் காரணம் இதுதான். ஊசியும் ஸ்கேனும் வேண்டாம், நல்ல மைக் ஒன்று போதும் என்பது கூடுதல் வசதி.

ஆனால் இந்தத் துறையின் முறைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சை வைத்து உருவானவை. உலகில் அதிகம் அலசப்பட்ட பதிவுகள் 1980களில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்டவை. இன்று அவை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் மெக்வின்னி நடத்தும் டிமென்ஷியாபேங்க் தொகுப்பில் இருக்கின்றன. அந்த அளவுகோல்களைத் தமிழ்ப் பேச்சின் மேல் அப்படியே வைத்தால் எண்கள் என்னவோ வரும். அவை எதைக் காட்டுகின்றன என்று கேட்டால்தான் பதில் இருக்காது. மொழியியல், பேச்சு-செவித்திறன், உளவியல், கணினியியல் துறைகளில் ஆய்வு தொடங்கும் மாணவர்களுக்காக இது எழுதப்படுகிறது. எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும், தமிழில் எங்கே இடறும் என்பதை வேலையின் வரிசையிலேயே சொல்கிறோம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பேச்சு மாதிரி நோயறிதல் ஆகாது. குழுக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டும், அவ்வளவே. 1996இல் வெளியான கன்னியர் ஆய்வு இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. டேவிட் ஸ்னோடன் குழு, 93 கன்னியாஸ்திரிகள் ஏறத்தாழ 22 வயதில் எழுதிய தன்வரலாறுகளை எடுத்து, பத்துச் சொல்லுக்கு எத்தனை கருத்து என்று எண்ணியது. கருத்தடர்த்தி குறைவாக எழுதியவர்கள் முதுமையில் அறிவாற்றல் சோதனைகளில் பின்தங்கியது தெரிந்தது. டொரொன்டோவில் கேத்லின் ஃப்ரேசரும் உடனாய்வாளர்களும் பிட்ஸ்பர்க் பதிவுகளிலிருந்து 370 கூறுகளைக் கணக்கிட்டு, அல்சைமர் உள்ளவரையும் இல்லாதவரையும் ஏறத்தாழ 82 விழுக்காடு சரியாகப் பிரித்தார்கள் (2016). ஏற்கெனவே நோய் உறுதியானவர்களைப் பிரித்த கணக்கு அது. இன்னும் நோய் வராதவரிடம் முன்கூட்டிச் சொல்வது கடினமான கேள்வி. அமெரிக்காவின் நெடுங்கால உடல்நல ஆய்வான ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் பங்கேற்றவர்கள் எழுதித் தந்த பட விவரிப்புகளை வைத்து 2020இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் முயன்றபோது கிடைத்தது சுமார் 70 விழுக்காடுதான். உங்கள் முதல் ஆய்வில் 95 விழுக்காடு வந்தால் மகிழ வேண்டாம். எங்கோ பிழை இருக்கிறது. அது எங்கே என்பதைக் கடைசிப் பகுதிக்கு முன் சொல்வோம்.

யாரிடம் எடுப்பது

வயதையும் படிப்பையும் பொருத்தாமல் எடுத்த மாதிரி பயன்படாது. வயதை ஐந்தாண்டு அடுக்குகளாகவும், படிப்பைப் பள்ளிக்கே போகாதவர், 1–5, 6–10, அதற்கு மேல் என்றும் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் இரு குழுவிலிருந்தும் ஆட்கள் இருக்கும்படி பாருங்கள். நகரத்து மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளையும், பல்கலைக்கழக ஊழியர்களின் ஓய்வுபெற்ற பெற்றோர்களையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது மறதியை அல்ல, பள்ளிப்படிப்பை.

நோயாளிகளின் நோயறிதல் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடமிருந்து வர வேண்டும். பி12 குறைபாடும் தைராய்டு கோளாறும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் இரண்டுமே மறதிபோலத் தோன்றும், மருந்தில் தேறவும் கூடும். பக்கவாதம், பார்கின்சன், காதுகேளாமை, மனச்சோர்வு ஆகிய நான்கும் பேச்சை மாற்றும். இவற்றை முதலிலேயே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கு 15 கேள்வி கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் போதும். மனச்சோர்வு உள்ளவரும் மெதுவாகப் பேசுவார், நீண்ட இடைவெளி விடுவார். காது கேட்காதவர் கதையை மறக்கவில்லை, கேட்கவே இல்லை. பல்செட் இருந்தால் போட்டுக்கொண்டு பேசச் சொல்லுங்கள், கண்ணாடி இருந்தால் அதையும். முந்தைய இரவு தூக்க மாத்திரை எடுத்தாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

அறிவாற்றல் சோதனை ஒன்று தனியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் "ஒரு வாக்கியம் எழுதுங்கள்" என்று கேட்கும் சோதனையை வைக்காதீர்கள். ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவில்லாத முதியோருக்கென்றே இந்தியில் ஒரு சோதனை வடிவமைக்கப்பட்டது. வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராயும் 10/66 ஆய்வுக் குழு, படிப்பின் தாக்கம் குறைவாக இருக்கும்படி அமைந்த நேர்காணல் முறையைச் சென்னை நகர்ப்பகுதியிலும் வேலூர் கிராமப்பகுதியிலும் பயன்படுத்தியது. பரவலான சோதனைகள் சிலவற்றுக்கு உரிமமோ பயிற்சிச் சான்றோ தேவை. அதை முன்பே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் கட்டுரை அனுப்பும் நேரத்தில் சிக்கும்.

நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நொடிகூடப் பதியக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள்படி, ஒப்புதல் தரும் திறன் குறைந்தவருக்குச் சட்டப்படி ஏற்கத்தக்க ஒருவர் கையெழுத்திட வேண்டும். அதோடு பங்கேற்பவரும் தலையாட்டவாவது வேண்டும். மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனால் அம்மா "வேண்டாம்பா" என்கிறார் என்றால் அங்கே வேலை முடிந்தது. குரலே ஆளை அடையாளம் காட்டும் என்பதால் கோப்பில் பெயர் எழுதாமல் குறியீட்டு எண் இடுங்கள். பேச்சுக்குள் வரும் பெயர்களையும் ஊர்த்தெருக்களையும் பகிரும் பிரதியில் ஒலியால் மறையுங்கள்.

பதிவு: மின்விசிறிதான் முதல் எதிரி

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்கப்படாத வேவ் கோப்பு. ஒரு நிமிடம் ஒற்றைத் தடத்தில் ஏறத்தாழ 5 மெகாபைட் வரும், சேமிப்பிடத்துக்குப் பஞ்சமில்லாத காலம் இது. காலர் மைக்கை வாயிலிருந்து 15–20 செ.மீ. கீழே பொருத்துங்கள். புடவை முந்தானை இடது தோளில் உரசும், அதனால் வலப்பக்கம் குத்துவது நல்லது. தோளில் துண்டு போட்டிருக்கும் ஐயாக்களிடம் அதை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். கேட்பவருக்குத் தனி மைக், தனித் தடம். பிறகு இரு குரல்களைப் பிரிப்பதில் பல நாள் வேலை மிச்சமாகும். ஒலி உச்சம் −12 டெசிபெல்லுக்கும் −6 டெசிபெல்லுக்கும் இடையே நிற்கும்படி அளவை வைத்து, பூட்டிவிடுங்கள்.

தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டை அணைப்பது முக்கியம். கைபேசியின் பதிவுச் செயலிகள் பலவற்றில் அது தானாகவே இயங்கும். பேச்சு நின்றதும் அது உணர்திறனை ஏற்றி, அறையின் இரைச்சலைப் பெரிதாக்கிவிடும். இரைச்சல் நீக்கி இருந்தாலோ, சொல்லின் மெல்லிய முதல் ஒலியையும் சேர்த்து வெட்டிவிடும். வாட்ஸ்அப் குரல்செய்தி சுருக்கப்பட்ட ஒலி, ஆய்வுக்கு எடுக்காதீர்கள்.

மின்விசிறியை ஏன் அணைக்க வேண்டும் என்று பங்கேற்பாளர் கேட்பார், மே மாதத்தில் கட்டாயம் கேட்பார். இடைநிறுத்தத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், பேச்சின் உச்ச அளவைவிட 25 டெசிபெல் தாழ்ந்த இடத்தை மௌனம் என்று கொள்கிறது. பிராட் மென்பொருளின் இயல்பு அமைப்பு அது. தலைக்கு மேல் விசிறி ஓடினால் இரைச்சலே உச்சத்துக்கு 15–20 டெசிபெல் கீழேதான் இருக்கும். அப்போது அந்தப் பதிவில் ஒரு மௌனம்கூட இல்லை என்று கணினி சொல்லும். நான்கு நொடி சொல்லைத் தேடித் திணறியவர் தடையின்றிப் பேசியவராகப் பதிவாவார். ஒவ்வொரு பணியின்போதும் விசிறியை அணையுங்கள், பணிகளுக்கு நடுவே போடுங்கள். தொடக்கத்தில் யாரும் பேசாமல் 10 நொடி அறையை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் அந்தப் பத்து நொடி பல சந்தேகங்களைத் தீர்க்கும். குக்கர் விசில், பக்கத்து அறைத் தொலைக்காட்சி ஆகியவற்றைப் பற்றி வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டார் எங்கே உட்காருவது என்பதும் ஒரு கேள்வி. பங்கேற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், பார்வைக்குள் வேண்டாம். மறதிநோய் உள்ளவர் பதிலுக்காகத் துணைக்கு வந்தவர் பக்கம் தலையைத் திருப்புவது மருத்துவர்கள் அறிந்த ஒரு குறி. அதைக் காண விரும்பினால் தனி ஆய்வாகச் செய்யுங்கள். இங்கே, "அம்மா, அது பூனைம்மா" என்று மகள் எடுத்துக்கொடுத்தால் அந்தப் பதிவு போயிற்று.

பணிகள், அவற்றின் வரிசை

எல்லோருக்கும் ஒரே வரிசை, முடிந்தால் ஒரே நேரம். காலை பத்து மணி வாக்கில் பலருக்கும் தெம்பு இருக்கும். இரண்டு நிமிடம் பொதுப்பேச்சு, பிறகு கதையைச் சொல்லி உடனே திருப்பிச் சொல்லக் கேட்பது, படவிவரிப்பு, விலங்குப் பெயர்கள், செய்முறை ஒன்றை விளக்கச் சொல்வது, அறிவாற்றல் சோதனை, கதை கேட்டு 20–30 நிமிடம் கழிந்தபின் அதே கதையை மறுபடி கேட்பது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கதை 60–80 சொல், 20 கருத்தலகு (தனித்தனியே எண்ணத்தக்க தகவல்). அந்த ஊர்ப் பேச்சுத்தமிழில் இருக்கட்டும், மேடைத்தமிழில் வேண்டாம். புராணக் கதையோ எல்லோரும் அறிந்த நீதிக்கதையோ கூடாது. முடிவை ஊகித்தே சொல்லிவிடுவார்கள், அது நினைவாற்றல் ஆகாது. ஒரே குரலில் பதிந்து ஒலிபெருக்கியில் போடுங்கள்.

படத்துக்குச் சற்று அதிக உழைப்பு வேண்டும். உலகெங்கும் பயன்படும் படம், 1972இல் வெளியான பாஸ்டன் பேச்சிழப்புச் சோதனையில் உள்ள சமையலறைக் காட்சி. அம்மா பாத்திரம் துடைக்கிறாள், தொட்டி நிரம்பி வழிகிறது, பையன் சாயும் ஸ்டூலில் நின்று பிஸ்கட் ஜாடியில் கைவிடுகிறான், தங்கை கைநீட்டுகிறாள். ஜாடியில் பிஸ்கட் வைக்கும் பழக்கமும் நின்றபடி பாத்திரம் தேய்க்கும் தொட்டியும் இல்லாமல் வாழ்ந்த ஒரு கிராமத்துப் பாட்டி இதைப் பார்த்துத் தயங்கினால், அது நோயின் தயக்கமா, படம் அந்நியமாக இருப்பதன் தயக்கமா என்று பிரிக்க முடியாது. அதற்குப் பதிப்புரிமையும் உண்டு. சொந்தமாக ஒன்று வரைவியுங்கள். குறைந்தது மூன்று ஆட்கள் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் கெட வேண்டும். அதைக் கவனிக்காத ஒருவர் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அடுப்பில் பால் பொங்குகிறது, அம்மா வாசற்படியில் திரும்பி நின்று போனில் பேசுகிறாள், பையன் ஆடும் ஸ்டூலில் ஏறி முறுக்கு டப்பாவை எட்டுகிறான், பூனை மீன் கூடையை நெருங்குகிறது. கவனிக்காத ஆள் எதற்கு என்றால், "அம்மாவுக்குத் தெரியல" என்று சொல்ல இன்னொருவர் மனநிலையைக் கணிக்க வேண்டும். பொருள்களைப் பட்டியலிடுவதைவிட அது கடினம்.

படத்தைக் கையில் கொடுக்காதீர்கள். ஏ4 தாளில் கறுப்புக் கோட்டோவியமாக, 60 செ.மீ. தள்ளி ஒரு தாங்கியில் வையுங்கள். கையில் இருந்தால் விரலால் தொட்டு "இவன் இத எடுக்குறான், இது இப்படி ஆவுது" என்பார். விரல் காட்டும்போது சுட்டுச்சொல் குறையே அல்ல. ஆனால் ஒலிப்பதிவில் விரல் கேட்காது, வெறும் "இது" மட்டும்தான் கேட்கும். 30 நொடிக்குள் நின்றுவிட்டால் ஒரே ஒருமுறை "வேற என்ன தெரியுது?" எனலாம். எதையும் காட்டி "இது என்ன?" என்று கேட்கக் கூடாது. "ம்", "சரி" என்று கொட்டுவதும் வேண்டாம், தலையசைத்தால் போதும்.

விலங்குப் பெயர்கள் 60 நொடி. ஒவ்வொரு 15 நொடிக்கும் கோடு போட்டுக் குறியுங்கள். திரும்ப வந்ததை எண்ண வேண்டாம். "புலி" சொன்னபின் "டைகர்" சொன்னால் ஒன்றே. "பறவை" என்று சொல்லி "காக்கா, குருவி" என்று தொடர்ந்தால் "பறவை" கணக்கில் வராது. சேவலும் கோழியும் ஒன்றா இரண்டா என்பதைப் பதிவு தொடங்கும் முன்பே தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். எத்தனை என்பதோடு எப்படி என்பதும் பாருங்கள். ஆடு, மாடு, நாய், பூனை என்று வீட்டு விலங்குகளைச் சொல்லிவிட்டு, வற்றியதும் சிங்கம், புலி, கரடி என்று காட்டுக்குத் தாவுவது இயல்பு. டிராயர் குழு 1997இல், இப்படி ஒரே வகையாகத் தொடர்ந்து வரும் கொத்தின் அளவையும் தாவலின் எண்ணிக்கையையும் தனித்தனியாக எண்ணும் முறையைத் தந்தது. கொத்தின் அளவை இரண்டாவது சொல்லிலிருந்து எண்ண வேண்டும். எழுத்தைக் கொடுத்துச் சொல் கேட்கும் பணி ஆங்கிலத்தில் வழக்கம்தான், ஆனால் தமிழில் "க" என்றால் "கா", "கி" சேருமா என்று பங்கேற்பாளரே திருப்பிக் கேட்பார். படிக்காதவருக்கோ அந்தக் கேள்வியே பொருள்படாது. முதல் ஆய்வில் அதை விட்டுவிடலாம்.

செய்முறைக்கு டீ போடுவது சரி, ஆண் பெண் இருவரும் சொல்வார்கள். இளமைக் காலக் கதைகளை மட்டும் நம்பி ஆய்வு செய்யாதீர்கள். நூறு முறை சொல்லிப் பழகிய கதை, நோய் வந்த பின்னும் தடங்கலின்றி வரும். "அவர் அந்தக் காலத்துக் கதையெல்லாம் எவ்வளவு தெளிவாச் சொல்றார், அவருக்கு மறதியா?" என்று குடும்பங்கள் ஏமாறுவதும் இதனால்தான்.

எழுதுதல்

இலான் போன்ற, ஒலியோடு எழுத்தை நேரப்படி பொருத்தும் மென்பொருளில் எழுதுங்கள். பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. "வந்துட்டாங்க"வை "வந்துவிட்டார்கள்" ஆக்கினால் எழுதியவரின் தமிழ்தான் அளவாகும். அதே நேரம் ஒரே சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். "வந்துட்டாங்க", "வந்திட்டாங்க" இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பொதுப் பட்டியலில் சேருங்கள். இல்லாவிட்டால் சொல்வளம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

டிமென்ஷியாபேங்கின் குறியீடுகளைப் பின்பற்றலாம். திருத்தாமல் திரும்பச் சொன்னதற்கு [/], திருத்திச் சொன்னதற்கு [//], பாதியில் விட்ட வாக்கியத்துக்குத் தனிக்குறி. புரியாத இடத்தை ஊகித்து நிரப்பாதீர்கள்.

தமிழில் அதிகத் தகராறு "வந்து"வால் வரும். "வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்" என்பதில் அது வினை. "நான் வந்து டீச்சர்" என்பதில் பேச்சுவழக்கு. "அது வந்து... வந்து... அந்த..." என்பதில் சொல் கிடைக்கும்வரை இடத்தை நிரப்புவது. எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வருகிற செயல் எதுவும் குறையாமல் பொருளும் மாறாமல் இருந்தால், நிரப்பி என்று குறியுங்கள். "இந்த", "அதான்", "என்னது", "என்னமோ" ஆகியவற்றுக்கும் இதே சோதனை. முதல் ஐந்து பதிவுகளை இரண்டு பேர் எழுதி, முரண்பட்ட இடங்களை வைத்து விதியை எழுதுங்கள். அதன்பின் ஐந்தில் ஒரு பதிவையாவது இருவர் தனித்தனியே எழுதி ஒப்பிட வேண்டும். எழுதுபவருக்கு யார் நோயாளி என்பது தெரியக் கூடாது.

ஒரு நிமிடப் பேச்சுக்குத் தொடக்கத்தில் அரை மணி நேரம்கூட ஆகும். அதனால் விஸ்பர் போன்ற தானியங்கி எழுத்துமாற்றியை நாடத் தோன்றும். அவை தயக்க ஒலிகளையும் திரும்பச் சொன்னதையும் விழுங்கிவிடும், பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாகத் திருத்தியும் போடும். அதாவது நீங்கள் தேடும் அடையாளங்களைத் துடைத்துவிட்டுத் தரும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பேச்சிழப்பு உள்ளவர்களின் ஆங்கிலப் பதிவுகளில் விஸ்பரைச் சோதித்த 2024 ஆய்வு ஒன்று, சுமார் நூறில் ஒரு துண்டில் யாருமே சொல்லாத வாக்கியங்கள் முளைத்ததையும், பேசாத இடைவெளி நீளும் பதிவுகளில் அது கூடியதையும் காட்டியது. முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒலியோடு ஒப்பிடாமல் எண்ணத் தொடங்காதீர்கள்.

அளத்தல்

இடைநிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள். பிராட்டில் மௌனப் பகுதிகளைக் குறிக்கும் கட்டளையின் இயல்பு அமைப்பு, 0.1 நொடியைத் தாண்டும் மௌனம் ஒவ்வொன்றையும் குறிக்கும். தமிழுக்கு அது ஆகாது. "பாட்டு", "பக்கம்", "பத்து" போன்ற இரட்டித்த வல்லினத்தில் வாய் மூடியிருக்கும் நேரமே 0.15 நொடியைத் தொடும், முதியவர் மெதுவாகப் பேசினால் அதற்கும் மேலே போகும். அதை இடைநிறுத்தமாக எண்ணினால் "ட்ட", "க்க" அதிகம் வரும் பேச்சு எல்லாம் தயக்கமாகத் தெரியும். குறைந்தபட்ச மௌனத்தை 0.25 நொடியாக வையுங்கள், பிறகு கண்ணால் அலைவடிவத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மொத்த நேரத்தில் மௌனத்தின் பங்கு, சராசரி நீளம், 1 நொடியைத் தாண்டியவை எத்தனை என்ற மூன்றும் போதும். அதைவிடப் பயனுள்ளது மௌனம் விழும் இடம். வாக்கியம் முடிந்து மூச்சு வாங்குவது எல்லோரும் செய்வது. "பையன் அந்த... ... டப்பாவ" என்று பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்பதுதான் சொல்தேடலின் அடையாளம்.

ஆனால் நல்ல ஆரோக்கியமான முதுமையிலும் பெயர்கள் நாக்கு நுனியில் நிற்கும். டொரொன்டோ பல்கலைக்கழகத்தினரும் பேகிரெஸ்ட் மையத்தினரும் 18 முதல் 90 வயது வரையான 125 ஆரோக்கியமானவர்களைப் பேசவைத்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, சொல்லைத் தேடி நிற்பதைவிடப் பொதுவான பேச்சுவேகமே மூளையின் செயல்வேகத்தோடு நெருங்கி நிற்கிறது என்று கருத இடம் தந்தது. எனவே நொடிக்கு எத்தனை அசை என்பதையும் தனியே அளந்து வையுங்கள், மௌனத்தைக் கழித்த நேரத்துக்கு ஒன்று, கழிக்காத நேரத்துக்கு ஒன்று.

தகவல் அலகுகள் அடுத்து. படத்தில் சொல்லத்தக்க ஆள், இடம், பொருள், செயல் ஒவ்வொன்றும் ஓர் அலகு. பாஸ்டன் படத்துக்கு குரோசில் குழு 1996இல் 23 அலகுகளைப் பட்டியலிட்டது. உங்கள் படத்துக்குப் பட்டியலை மேசையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். 20 ஆரோக்கியமான முதியவர்களைச் சொல்லவைத்து, குறைந்தது மூன்று பேர் சொன்னதை மட்டும் எடுங்கள். அந்த 20 பேரை முக்கிய ஆய்வில் சேர்க்கக் கூடாது. மொத்த அலகைப் பேசிய நேரத்தால் வகுத்தால் திறன் கிடைக்கும். அதிகம் பேசிக் குறைவாகச் சொல்வது பட்டவர்த்தனமாகத் தெரியும் அளவு இது. இந்த வேலையில் ஒரே ஒரு அளவுதான் எடுக்க முடியும் என்றால் இதையே எடுங்கள்.

சொல்வளத்தை அளக்கும்போது தமிழ் இலக்கணம் குறுக்கே வரும். வீடு, வீட்டுல, வீட்டுக்கு, வீட்டையும் நான்கும் ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலுக்கு நான்கு வேறு சொற்கள். உருபும் விகுதியும் ஒட்டுவதால் எல்லோரும் சொல்வளம் மிக்கவர்களாகத் தெரிவார்கள். அடிச்சொல்லாக்கி எண்ண வேண்டும். கிடைக்கும் தமிழ்க் கருவிகளில் சில, வெறும் 600 செய்தித்தாள் வாக்கியங்கள் கொண்ட தொகுப்பில் பயின்றவை. "குடுத்துட்டு" என்றால் விழிக்கும். நூறு பதிவுக்குள் என்றால் கையால் செய்வதே வேகம். பேச்சு நீண்டால் வெவ்வேறு சொற்களின் விகிதம் தானாகக் குறையும் என்பதால், 50 சொல் கொண்ட சன்னலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் அந்த விகிதத்தைக் கண்டு, சராசரி எடுங்கள்.

பெயர்ச்சொல்லுக்குப் பதில் சுட்டுப்பெயர் பெருகுவது ஆங்கில ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. தமிழில் எழுவாயையே விட்டுவிடலாம், "எடுத்துட்டான்" என்றால் விகுதி போதும். ஆகவே சுட்டுப்பெயரின் எண்ணிக்கை குறைவாக இருப்பது நலத்தின் அடையாளம் ஆகாது. "அவன்", "அது", "எடுத்துட்டான்" எதுவானாலும் யாரை, எதை என்று முன்னால் சொல்லியிருக்கிறாரா என்று பின்னோக்கிப் பாருங்கள். ஆளே அறிமுகமாகாமல் "அவன் அத எடுத்துட்டான், அவ பாக்கல" என்று போனால் அதை எண்ணுங்கள். இதோடு "சாமான்", "அந்த இது", "அது பண்ணி" போன்ற வெற்றுச்சொற்களையும்.

வாக்கிய நீளமும் அப்படியே. "பையன் ஸ்டூல் மேல ஏறி, டப்பாவ எடுத்து, தங்கச்சிக்குக் குடுத்துட்டு, திரும்பிப் பாத்தா பால் பொங்குது" என்பது ஒரே வாக்கியம். வினைமுற்று ஒன்று, எச்சங்கள் நான்கு ("திரும்பிப் பாத்தா"வை ஒன்றாகக் கொண்டால்). வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்பதைவிட, ஒரு முற்றுக்கு எத்தனை எச்சம் சேர்ந்தது, அவற்றில் எத்தனை முடியாமல் தொங்கின என்பது தமிழில் பேசும் அளவு. "குடுத்துட்டு"வில் உள்ள துணைவினையைத் தனியாக எண்ண வேண்டாம்.

ஆங்கிலச் சொல் கலப்பதைக் குறையாகக் கழிக்காதீர்கள். ஸ்டூலும் கேஸும் தமிழர் வீட்டுச் சொற்கள். தவிர, சுவர்ணா அல்லாடி குழு ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இருமொழி பேசுவோருக்கு டிமென்ஷியா நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. ஆகவே எத்தனை மொழி, எந்த வயதிலிருந்து, வீட்டில் எது என்பதைப் படிவத்தில் கேட்டேயாக வேண்டும்.

கணினிக்குக் கொடுக்கும் முன்

95 விழுக்காடு வந்தால் எங்கே தேடுவது என்று இப்போது பார்க்கலாம். முதல் இடம், ஒரே ஆளின் பேச்சு பயிற்சியிலும் சோதனையிலும் இருப்பது. பதிவுகளைத் துண்டுதுண்டாக்கியபின் குலுக்கிப் பிரித்தால் கணினி நோயை விட்டுக் குரலை மனப்பாடம் செய்யும். ஆளை அலகாக வைத்துப் பிரியுங்கள். இரண்டாவது இடம் அறை. நோயாளிகளை மருத்துவமனையிலும் மற்றவர்களை வீட்டிலும் பதிந்திருந்தால் ஏசி இரைச்சலே விடையைச் சொல்லிவிடும். முதலில் பதிந்த அந்தப் பத்து நொடி மௌனத்தை மட்டும் கொடுத்துப் பயிற்றுவித்துப் பாருங்கள். அதிலேயே நோயாளியைக் கண்டுபிடித்தால் பேச்சைப் பற்றி நீங்கள் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது, கேட்பவரின் குரல். திணறுபவரை நாம் அறியாமலே அதிகம் தூண்டுவோம். அந்தத் தடத்தை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள்.

பேச்சிலிருந்து அல்சைமரைக் கண்டறிய 2020இல் நடந்த ஆட்ரெஸ் போட்டிக்கு, பிட்ஸ்பர்க் தொகுப்பிலிருந்து 78 நோயாளிகளையும் 78 நோயற்றவர்களையும் வயது, பால் பொருந்தும்படி பொறுக்கி எடுத்தார்கள். அவ்வளவு பெரிய தொகுப்பிலிருந்து 156 பேராகச் சுருக்கியதற்குக் காரணம், பொருந்தாத தரவில் வரும் துல்லியம் வயதின் துல்லியமாகவே இருக்கக் கூடும் என்பதே. குழுவுக்கு 30 பேர்கூட இல்லாவிட்டால் இயந்திரக் கற்றலை விட்டுவிட்டு, முன்கூட்டித் தேர்ந்த மூன்று நான்கு அளவுகளை ஒப்பிடுங்கள். முந்நூறு கூறுகளை நாற்பது பேரிடம் அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும்.

பதிவு முடிந்ததும் வாசலில்

மைக்கைக் கழற்றும்போதே மகன் கேட்பார்: "அப்பாவுக்கு இருக்கா சார்?" இதற்கான பதிலை அறநெறி விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது, "நல்லாத்தான் பேசினார்" என்று ஆறுதலும் சொல்லக் கூடாது. அதைத் தீர்ப்பாகக் கொண்டு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார்கள். இது ஆய்வுக்கான பதிவு, இதை வைத்து ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, பழகிய வழியில் தடுமாறுகிறாரா, பணக்கணக்கு தப்புகிறதா, ஆறு மாதத்துக்கு முன்பு இப்படி இருந்தாரா? முதல் மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவின் பெயரும் புறநோயாளி நாளும் அச்சிட்ட சீட்டை அவர் கையில் கொடுங்கள். சில மணி நேரத்திலோ சில நாளிலோ திடீரென்று வந்த குழப்பம் என்றால் சீட்டு போதாது. கிருமித்தொற்று, மருந்தின் விளைவு, உப்புச்சத்துக் குறைவு எதுவாகவும் இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.